மால்தினி உலகக் கோப்பை வென்றாரா?

"ஒரே கிளப்புக்காகக் கடைசிவரை ஆடியவர், 2006-இல் இத்தாலி அணித் தலைவராக உலகக் கோப்பையைத் தூக்கியவர்" என்று இத்தாலியக் கால்பந்து வீரர் பாவ்லோ மால்தினியின் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு.

2006-இல் பெர்லினில் கோப்பையை வாங்கிய தலைவர் ஃபாபியோ கன்னவாரோ. மால்தினியோ 2002-இல் தென் கொரியாவிடம் தோற்றதோடு தேசிய அணியிலிருந்து விலகிவிட்டார். உலகக் கோப்பைக்கு அவர் மிக அருகில் வந்தது 1994-இல்தான். அந்த இறுதிப் போட்டியில் பிரேசிலிடம் பெனால்டியில் தோற்றார்கள். ஃபிஃபா இணையதளத்தில் அந்தந்த ஆண்டின் அணிப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படத்தில் அவர் கையில் இருப்பது, இரண்டு பெரிய காதுகள் போன்ற கைப்பிடிகள் கொண்ட வெள்ளி நிறக் கோப்பை. அது ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. உலகக் கோப்பை தங்க நிறம், கைப்பிடியே கிடையாது.

இல்லாததைச் சேர்த்துப் புகழ வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. 1985 ஜனவரியில், 16 வயதில், உதினேசே அணிக்கு எதிராக இறங்கியவர் 2009 மே வரை இத்தாலியின் ஏசி மிலான் கிளப்பைத் தவிர வேறு கிளப் சட்டை போடவில்லை. 902 ஆட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்), ஏழு இத்தாலிய லீக் பட்டங்கள். அவர் அணிந்த 3-ஆம் எண்ணுக்கும் மிலான் ஓய்வு கொடுத்துவிட்டது. (சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்தன்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவரையே விசிலடித்துக் கேலி செய்தார்கள் என்பதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!)

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் 2006 தலைவர் கன்னவாரோ என்று சொல்லிவிடுங்கள்.