அந்தப் படகுக்காரர் பெயரை நான் கேட்கவில்லை

2015 டிசம்பர் 2. சென்னை கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் தண்ணீருக்குள் இருந்தது. முந்தின இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அடையாறு எங்கள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதுதான். கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. மத்தியானம் வாக்கில் தெருவுக்குள் ஒரு பைபர் படகு வந்தது.

எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தார்கள். அடியில் மூழ்கிக் கிடக்கும் காரோ காம்பவுண்டு சுவரோ தட்டினால் விசிறி போய்விடும். ஒருவர் கழியை ஊன்றித் தள்ள, இன்னொருவர் மார்பளவுத் தண்ணீரில் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. சைவம், மீன் வாடை வந்தாலே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்பவர். அன்றைக்கு மூடவில்லை.

கயிறு பிடித்தவர் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, "ஆயா, மாத்திரை மருந்தெல்லாம் எடுத்துக்கினியா?" என்றார். அப்போதுதான் அம்மாவுக்கு இன்சுலின் ஞாபகம் வந்தது. "அப்புறம் வாங்கிக்கலாம்மா" என்றேன் நான். "இன்னா சார் அப்புறம்? எங்கம்மாவும் ஊசி போடுது. போய் எடுத்தா, நிக்கிறேன்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகில் ஆறு பேர் முணுமுணுத்தார்கள். நான் மேலே ஓடி, ஓடாத பிரிட்ஜிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இறங்கியதும் அம்மா ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். "வெச்சுக்க ஆயா, ஆட்டோவுக்கு வேணும்." அவ்வளவுதான், படகு திரும்பிவிட்டது. கடலோர மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த படகு என்பதை வழியில் சொன்னார்கள். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்கிற வெள்ளக் கதைதான். குறளை எடுத்துப் போட்டு முடித்துவிடலாம். ஆனால் நான் எழுத வந்தது 2023 ஏப்ரலைப் பற்றி.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை, அதே நொச்சிக்குப்பம் வழியாகப் போகிற லூப் ரோட்டில், மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. குப்பத்து மக்கள் சாலையில் படகுகளைப் போட்டு மறியல் செய்தார்கள். எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அன்று வந்த ஒரு செய்தி: "ரோடு என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" எழுதியவர், அந்த டிசம்பரில் எங்களோடு அதே படகில் வந்தவர். கீழே எட்டு கட்டைவிரல்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. இன்றுவரை உறுத்துவது அதுதான்.

சாந்தோம் நெரிசலுக்காக வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டதற்கு எத்தனையோ காலம் முன்பே குப்பம் அங்கே இருக்கிறது. நடைபாதையும் ஒழுங்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த கையோடு சால்வையும் சான்றிதழும் கொடுத்து நன்றிக் கணக்கை முடித்துக்கொண்டோம். 2018 வெள்ளத்தில் கேரள முதல்வர் மீனவர்களை மாநிலத்தின் படை என்றே சொன்னார். படை என்று சொல்வது சுலபம். அதே ஆள் நம் காருக்குக் குறுக்கே கூடையை வைக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நமக்கு ஒன்றும் செலவில்லாதபோது சொல்கிற நன்றியை நான் பெரிதாக மதிப்பதில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

2024 ஆகஸ்டில் அங்கே புது மீன் அங்காடி திறந்தார்கள். சரி, நல்லது.

போன மாதம் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு அந்த வழியாக ஆட்டோவில் வந்தோம். முன்னால் ஒரு மீன்பாடி வண்டி குறுக்கே நின்று ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். அம்மா பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டி, "இறக்கட்டும்ப்பா, நமக்கு என்ன அவசரம்" என்றார். அப்புறம் வெளியே எட்டி, பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவர் இல்லை.