வெண்டைக்காய்க்கு ஏன் முடி இருக்கு?

மகள் யூகேஜி படிக்கிறாள். போன வாரம் அவள் வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை. திங்கள்கிழமை தபால் ஆபீஸ், புதன்கிழமை உழவர் சந்தை, வெள்ளிக்கிழமை கொலு பொம்மை செய்கிற ஊரான விளாச்சேரி. இடைப்பட்ட நாட்களில் பார்த்ததைப் பேசினார்கள், வரைந்தார்கள், நடித்து விளையாடினார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சலசலப்பு. "ஃபீஸ் கட்டறது மார்க்கெட்டைச் சுத்திப் பார்க்கவா? அதை நாமளே காட்டிட மாட்டோமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நான் காட்டவில்லை. மதுரை அண்ணாநகர் உழவர் சந்தைக்கு வாராவாரம் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். 1999 நவம்பர் 14-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கியது அங்கேதான். ஆனால் அவள் எதையாவது நின்று பார்த்தால் "சீக்கிரம் வா, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அவ்வளவுதான் நான் காட்டிய சந்தை.

மிஸ் செய்தது வேறு. செவ்வாய்க்கிழமையே ஒவ்வொரு பிள்ளையிடமும் "நாளைக்கு நீ என்ன கேட்கப்போறே?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டார். துணைக்குப் போன பெற்றோரில் நானும் ஒருத்தி. வெண்டைக்காய் வைத்திருந்த அம்மாவிடம் என் மகள் கேட்டாள்: "வெண்டைக்காய்க்கு ஏன் முடி இருக்கு?" அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு பிஞ்சை எடுத்து அவள் புறங்கையில் மெதுவாகத் தேய்த்தார். "உறுத்துதா தங்கம்? எங்களுக்கும் அப்படித்தான். அதான் கையில துணியைச் சுத்திக்கிட்டுப் பறிப்போம்." பிள்ளைகள் எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்புறம் கால் கிலோவுக்கு எத்தனை வெண்டைக்காய் நிற்கும் என்று ஆளுக்கொரு எண் சொல்லி, தராசில் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினார்கள். இது கணக்குப் பாடம் இல்லை என்றால் வேறு எது கணக்கு?

தபால் ஆபீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு தபால் கார்டில் படம் வரைந்து, அவரவர் வீட்டுக்கே போட்டார்கள். ஏழு எழுதும்போது திருப்பிப் போடுகிற என் மகள், பின்கோடின் ஆறு எண்களையும் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். 625 என்றால் மதுரைப் பக்கம், எண் தப்பினால் கார்டு வேற ஊருக்குப் போய்விடும் என்று மிஸ் சொன்னாராம். வியாழக்கிழமை அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாசலிலேயே உட்கார்ந்து, கறுப்பு மையில் விழுந்திருந்த வட்ட முத்திரையை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள். "நான் வரைஞ்ச படம் ராத்திரி எங்கே தூங்குச்சும்மா?" என்றாள். அதற்குப் பதில் சொல்ல நானும் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. எங்கெங்கே பிரிக்கிறார்கள், யார் பையில் வருகிறது என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து தெரிந்துகொண்டோம்.

போன வருடம் அவள் படித்த பள்ளியில் பணம் வாங்கிக்கொண்டு தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனார்கள். விடிகாலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பினாள். என்ன பார்த்தாய் என்றால் "பஸ்ஸுல வாந்தி வந்துச்சு" என்பதுதான் பதில். ஐந்து வயதுப் பிள்ளைக்கு தூரமும் செலவும் தேவையே இல்லை. நின்று பார்க்க நேரம் வேண்டும், கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். 1837-ல் ஜெர்மனியில் ஃப்ரோபல் மழலையர் பள்ளியைத் தொடங்கியபோது பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் தனித்தனிப் பாத்தி ஒதுக்கிக் கொடுத்தாராம். பிறகு அவர் அதற்கு வைத்த பெயரே 'கிண்டர்கார்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்'. அதைத்தான் நாம் நான்கு கோடு நோட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஈர மண்ணை அச்சில் அழுத்தி எடுத்தார்கள். யூனிஃபார்ம் பாழானது உண்மைதான். துவைத்தால் போய்விடும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சருக்கும் இதையெல்லாம் செய்ய ஆசை. ஒரு டீச்சர், ஒரு உதவியாளர், அவ்வளவுதான். இரண்டு பேர் இருபது குழந்தைகளை எப்படி ரோடு தாண்டிக் கூட்டிப் போவார்கள்? தெருவில் இருக்கிற நாம் நாலு பேர் ஒரு காலை நேரம் ஒதுக்கினால் போதும், அந்தப் பிள்ளைகளும் தபால் ஆபீஸைப் பார்த்துவிடுவார்கள். டீச்சரிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை தவிர எந்த நாளும் சரி என்றார். மூன்று பேர் வருகிறோம். இன்னும் ஒருவர் வேண்டும். அண்ணாநகர்ப் பக்கம் இருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.