எட்டுச் சக்கரம், ஒரு மணிக்கட்டு

பதினாறு வருடமாகத் தெருவில் பிளேடிங் செய்கிறேன், ஒரே வரிசையில் நாலு சக்கரம் வைத்த ஸ்கேட்டை இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு. பூங்காவில் சாயங்காலம் வட்டமடிக்கிற ஸ்கேட்டிங்கை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்டு என்று கண்ணில் படுவதன் மேலெல்லாம் ஏறிச் சறுக்குகிற வகை. இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்போ விழுந்து எழுந்திருக்க நல்லா கத்துக்கிட்டிருப்பீங்களே?" கூடவே யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு ஆறுதல். யானைக்குச் சக்கரம் கிடையாதே என்று வாய் வரை வரும், அடக்கிக்கொள்வேன்.

எழுந்திருப்பதெல்லாம் ஒரு விஷயமா? எலும்பு முழுசாக இருந்தால் யாரும் எழுந்துவிடலாம். இத்தனை வருடத்தில் எனக்கு உறைத்தது வேறு. துணிந்து குதித்த நாள்களில் சிராய்ப்போடு தப்பித்திருக்கிறேன். குதித்த பிறகு, காற்றில் இருக்கும்போது, ஐயோ வேண்டாம் என்று மனசு மாறிய நாள்களில்தான் பெரிய அடி எல்லாம் பட்டிருக்கிறது.

சோல் கிரைண்ட் என்று ஒரு ட்ரிக் இருக்கிறது, அடிப்படையானது, புதிதாக வருபவர்கள் முதலில் பழகுகிறவற்றில் ஒன்று. முழங்கால் உயரத் திண்டு, விளிம்பில் நன்றாக மெழுகு தேய்த்தாயிற்று. வேகமாக வந்து குதித்து ஏறும்போது முன்கால் குறுக்காக விழ வேண்டும், சக்கரங்களைத் தாங்கும் சட்டமான ஃபிரேமின் நடுவே இரண்டு சக்கரங்களுக்கு இடையில் இருக்கும் பள்ளம் விளிம்பில் போய் உட்காரும். பின்கால் திண்டு போகும் திசையிலேயே, ஸ்கேட் பூட்ஸின் வெளி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சோல் பிளேட் என்கிற அடித்தட்டின் மேல் வழுக்க வேண்டும். உடம்பின் கனத்தை நம்பிக்கையோடு பின்காலில் கொடுத்துவிட்டால் சர்ரென்று போகும், பிளாஸ்டிக் கல்லில் உரசுகிற அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் பத்து வருடம் ஆடலாம். ஒரு நாள் நான் திண்டைத் தொட்டதும் பயந்து பின்காலை இழுத்துக்கொண்டேன். கனமெல்லாம் முன்காலுக்குப் போனது, முன்கால் விளிம்பிலேயே கவ்விக்கொண்டு நின்றது, நான் நிற்கவில்லை. வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டுக்குப் போடுகிற காப்பு, ரிஸ்ட் கார்டு, பைக்குள் பத்திரமாக இருந்தது.

கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஸ்காஃபாய்ட் என்று ஒரு சின்ன எலும்பு, முந்திரிப் பருப்பு மாதிரி. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, உடைந்தால் ஆறுவதற்கு மற்ற எலும்பை விட நாளாகும். முதல் எக்ஸ்ரேயில் பல சமயம் உடைசல் தெரியவும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை, சுளுக்குதான் என்று நினைத்து இரண்டு வாரம் அதே கையால் வண்டி ஓட்டினேன். அப்புறம் 12 வாரம் கட்டு. இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டுப் பாருங்கள், பொறுமை என்றால் என்னவென்று தெரியும். (ரிஸ்ட் கார்டு போட்டால் ஸ்டைல் போய்விடும் என்கிற தம்பிகளிடம் நான் வாதாடுவதில்லை, மணிக்கட்டை மடக்கிக் காட்டுவேன், அது பாதியில் நின்றுவிடும்.)

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று பெரியவர்கள் சொன்னதை அந்த 12 வாரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜினாமாக் கடிதத்தை இரண்டு வருடம் டிராஃப்டில் வைத்திருந்தவன் நான். வேலையிலும் மனசில்லை, வெளியே வரவும் துணிவில்லை. அந்த இரண்டு வருடத்தில் ஆபீசில் நான் செய்த தப்புகள் எல்லாம், இப்போது யோசித்தால், பின்காலை இழுத்துக்கொண்டதுதான்.

அதற்காக, பயத்தைத் தூக்கிப் போடு, குதி என்று சொல்கிற ஆளில்லை நான். அப்படி எழுதுகிற பதிவுகளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. பயம் சும்மா வருவதில்லை. தெருவில் ஆடுகிற சக்கரம் ரொம்பச் சின்னது, பெரும்பாலும் 60 மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும், கல் மாதிரி கெட்டி. பட்டாணி அளவு ஜல்லி ஒன்று அகப்பட்டால் சக்கரம் ஏறிக் கடக்காது, அங்கேயே பிரேக் போடும். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைப்பார்கள், ஆனால் கரடுமுரடான தரையில் மெதுவாகப் போகிறவன்தான் முதலில் குப்புற விழுவான். ஒரு காலை அரையடி முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, கொஞ்சம் வேகத்தோடு போனால் கடந்துவிடலாம். இல்லையா, போகாதே. எங்கள் பையில் விளக்குமாறு எப்போதும் இருக்கும், அரைமணி பெருக்கிவிட்டுத்தான் ஆட்டம். வேடிக்கை பார்க்கிறவர்கள் முதலில் எங்களைத் துப்புரவுப் பணியாளர்கள் என்றே நினைப்பார்கள்.

விலகுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கம்பி மேல் ஏறிய பிறகு தப்பாகிவிட்டது என்று தெரிந்தால், அப்படியே தள்ளிக் குதித்து, முழங்காலை மடக்கி, தோளில் உருண்டுவிட வேண்டும். அதையும் முழுசாகச் செய்ய வேண்டும். பிடித்துக்கொண்டே விலகப் பார்த்தால்தான் வினை. எங்கள் கூட்டத்தில் ரொம்பத் திறமையான நண்பன் ஒருவன், ஒரு நீளமான கம்பிக்காகக் காலைப்பொழுது முழுக்க ஓடிவந்து ஓடிவந்து திரும்பினான். கடைசியில், "இன்னைக்கு இல்லடா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஸ்கேட்டின் பக்கிளைக் கழற்றினான். கேமரா வைத்திருந்தவன் முகம் தொங்கிப்போனது. நாற்பதைத் தாண்டிவிட்டான், இப்போதும் ஆடுகிறான். அன்றைக்கு அவனைக் கோழை என்று கேலி செய்ததில் நானும் ஒருவன், அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

இந்த விளையாட்டின் வரலாறே நிற்கத் தெரியாமல் ஆரம்பித்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் ஜோசப் மெர்லின் என்கிற கருவி வல்லுநர், தான் செய்த சக்கரக் காலணியை மாட்டிக்கொண்டு வயலின் வாசித்தபடியே ஒரு விருந்துக்குள் உருண்டு வந்து, பெரிய கண்ணாடி ஒன்றில் மோதி அதை நொறுக்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அவர்மேல் தனிப் பாசம். குறைந்தபட்சம் அவர் பாதியில் மனசு மாறவில்லை.

1995-ல் எக்ஸ் கேம்ஸ் என்கிற சாகச விளையாட்டுப் போட்டி முதல்முறை நடந்தபோதே அதில் பிளேடிங் இருந்தது, 2000-களின் நடுவில் தூக்கிவிட்டார்கள். பணமும் கூட்டமும் போனது. நான் ஆரம்பித்ததே அதற்கும் பிறகு, "இன்னுமா இதை ஆடுறீங்க?" என்று கேட்ட காலத்தில். பார்க்க ஆளில்லாததும் ஒரு வசதிதான், யாருக்காகவும் குதிக்க வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வருகிற ஒரு பெண், அதே முழங்கால் உயரத் திண்டுக்கு முன்னால் நின்று, "அண்ணா, குதிக்கவா?" என்று கேட்டாள். நீதான் சொல்லணும் என்றேன். மூன்று முறை வேகமாக வந்தாள், மூன்று முறையும் திண்டுக்கு முன்னாலேயே வளைந்து திரும்பினாள். நான்காவது முறைக்காக நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கிள் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஸ்கேட்டைப் பையில் வைத்துவிட்டு, விளக்குமாறை எடுத்து, அடுத்து வருகிறவனுக்காக ஓடுபாதையைப் பெருக்க ஆரம்பித்தாள்.