வாய்தாவுக்குக் காரணம் எழுதுங்கள்

என் அப்பாவுக்கு வயது 74. எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் அவர்தான் முதல் சாட்சி. குறுக்கு விசாரணைக்காக மட்டும் ஐந்து முறை நீதிமன்றத்துக்குப் போனார். காலை பத்தரைக்குப் போய் உட்கார்ந்தால், வழக்கு எண்ணைக் கூப்பிட மதியம் மூன்றாகிவிடும். எழுந்து கூண்டை நோக்கி நடப்பார். போய்ச் சேர்வதற்குள், "எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார்" என்று ஜூனியர் ஒருவர் எழுந்து சொல்வார். வாய்தா. ஐந்தாவது முறை அப்பா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார். வெளியே வந்ததும், "நான் இருக்கும்போதே கேட்டு முடிக்கச் சொல்லுப்பா" என்றார்.

சிவில் வழக்கு என்றால் இழுக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 17, விதி 1 படித்துப் பாருங்கள். விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நாள்தோறும் நடக்க வேண்டும். வக்கீலுக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை என்பது வாய்தாவுக்கான காரணமே ஆகாது என்று அந்த விதியே வெளிப்படையாகச் சொல்கிறது. கைமீறிய காரணம் இருந்தால் மூன்றைத் தாண்டலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் விளக்கியது உண்மைதான். ஆனால் அந்தக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

ஐந்து நாள் உத்தரவுகளுக்கும் நகல் மனு போட்டு வாங்கினேன். ஐந்திலும் ஒரே வரி: "பிரதிவாதி தரப்பில் அவகாசம் கோரப்பட்டது, வழங்கப்பட்டது." காரணம் இல்லை, தாமதப்படுத்தியதற்காக எதிர்த்தரப்பு எங்களுக்குத் தர வேண்டிய செலவுத்தொகை இல்லை. ஒரு கிழவர் அன்று வந்து காத்திருந்து போனார் என்பதற்கு அந்தத் தாளில் சுவடே இல்லை. எனக்கு ஆறவே இல்லை.

உயர் நீதிமன்றத்துக்குப் போய் அரசியலமைப்பின் 227ஆவது பிரிவின் கீழ் "ஆறு மாதத்தில் முடிக்கவும்" என்று உத்தரவு வாங்கலாம் என்றார் ஒரு நண்பர். அந்த வழி இப்போது குறுகிவிட்டது. அசாதாரணமான சூழல் இருந்தாலொழிய, கீழ் நீதிமன்ற வழக்குகளுக்குக் கெடு விதிக்க வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. கெடு வாங்க வசதியுள்ளவர் வழக்கு முந்தினால், வசதியில்லாதவர் வழக்கு பின்னுக்குத்தானே போகும்? ஆகவே, போராட வேண்டிய இடம் விசாரணை நீதிமன்றம்தான். வாய்தா கேட்கும் அந்த நிமிடம்தான்.

எங்கள் வக்கீல் தயங்கினார். தினமும் முகம் பார்க்கும் சக வக்கீலை எதிர்த்து மனுப் போடுவது அவருக்குச் சங்கடம். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அப்பாவின் முழங்காலுக்கு அந்தச் சங்கடம் தெரியாது. அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-பி பிரிவின் கீழ்ச் செலவுத்தொகை கேட்டு மனுத் தாக்கல் செய்தோம். அந்தப் பிரிவில் உத்தரவாகிவிட்டால், அடுத்த தேதியில் பணத்தைக் கட்டாமல் எதிர்த்தரப்பு வழக்கை மேற்கொண்டு நடத்த முடியாது. கூடவே, சாட்சியின் வயதையும் ஐந்து தேதிகளையும் குறிப்பிட்டு ஒரு மெமோ கொடுத்தோம்.

நீதிபதி ஐந்து தேதிகளையும் வாய்விட்டுப் படித்தார். செலவுத்தொகைக்கு உத்தரவு போட்டார். அடுத்த தேதியில் தொகையும் வந்தது, எதிர்த்தரப்பு வக்கீலும் வந்தார். குறுக்கு விசாரணை மொத்தம் நாற்பது நிமிடம்.