செமஸ்டர் சபுராளிகளே, கணக்கையும் சொல்லுங்கள்

எங்கள் கீழக்கரையில் சபர் போய் வந்தவர்கள், அதாவது வெளிநாட்டில் பிழைத்துவிட்டு வந்த சபுராளிகள், வீட்டில் உண்மையைச் சொல்வது அபூர்வம். பெட்டியைத் திறந்தால் செண்ட் வரும், கோடாலித் தைலம் வரும், பிஸ்தா வரும். ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டுப் படுத்த கதை மட்டும் வராது. எங்கள் வாப்பா துபாயில் பட்ட பாட்டில் பாதி, அவர் மவுத்தான பிறகு கூட்டாளிகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பழக்கம் இப்போது படிக்கப் போய் வரும் பிள்ளைகளுக்கும் தொற்றிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் எனும் மாணவர் பரிமாற்றத்தில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பனியும் ரயிலும். கல்லூரி மேடையில் மைக்கைக் கொடுத்தால், வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறார்கள். சரி, மாறட்டும். எவ்வளவு செலவானது என்று கீழே உட்கார்ந்திருக்கும் பாம்பன் பையனுக்கு யார் சொல்வது?

தனியாகக் கேட்டால் நன்றாகவே சொல்கிறார்கள். தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி, மீனவர் வீட்டுப் பிள்ளை, ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை நார்வேயில் படித்தாள். படிப்புக் கட்டணம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. 2023இல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு நார்வே கட்டணம் கொண்டுவந்தபோதும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களை விட்டுவிட்டது. கழுத்தைப் பிடித்தது விமான டிக்கெட்டும் அறை முன்பணமும்தான். உதவித்தொகை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வந்தது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில்தான் அவள் அப்பா வேலை பார்க்கும் விசைப்படகு கடலுக்கே இறங்கியிருந்தது. கையில் என்ன இருக்கும்? அம்மாவின் நகை அடகுக்குப் போனது.

“டிசம்பர்ல மத்தியானம் ரெண்டரைக்கே இருட்டிரும்ணே. அழுது முடிச்சு மூஞ்சியக் கழுவிட்டுத்தான் அம்மாவுக்கு வீடியோ கால் போடுவேன்” என்றாள். எங்கள் வாப்பா காலத்தில் வீடியோ கால் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் படித்ததைக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. பிடித்த மீனைக் கடலில் திருப்பிக் கொட்டக் கூடாது என்று நார்வே 1987லேயே தடை போட ஆரம்பித்தது. முதலில் காட், ஹேடாக் மீன்களுக்கு, பிறகு மற்றவற்றுக்கும். வலையில் ஏறியதைக் கரைக்குக் கொண்டுவந்து கணக்கு எழுத வேண்டும். வகுப்பில் இவள் எழுந்து நம்மூர்க் கழிசலை, அதாவது வலையில் சேர்ந்து வரும் விலைபோகாத குஞ்சு மீன்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். இங்கேயும் அது கரைக்கு வருகிறது, ஆனால் எந்தக் குஞ்சு எவ்வளவு என்று பிரிக்காமல் கூடை கூடையாகத் தீவன மில்லுக்குப் போகிறது, அந்தக் காசும் சேர்ந்தால்தான் டீசலுக்குக் கட்டும், அதைத் தப்பு என்பீர்களா என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு முடியும்வரை வாதம். பேராசிரியர் தீர்ப்பு எதுவும் சொல்லாமல், இதையே கட்டுரையாக எழுதிக்கொண்டு வா என்றாராம். எழுதினாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள்.

அந்த மதிப்பெண் இங்கே அவள் மார்க் ஷீட்டில் இல்லை.

எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இந்தப் பாடத்துக்கு ஈடாக அந்தப் பாடம் என்று போகும் முன்பே மாணவரும் இரண்டு கல்லூரிகளும் கையெழுத்துப் போட வேண்டும். முழு செமஸ்டர் என்றால் 30 கிரெடிட், அதாவது பாடங்களுக்கான புள்ளி. கையெழுத்துப் போட்ட கல்லூரியே, இவள் திரும்பி வந்த பிறகு சிலபஸ் பொருந்தவில்லை என்றது. ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்தப் பேப்பர்களை மறுபடி எழுதினாள். கல்லூரி வாசலில் இவள் படம் போட்ட பிளெக்ஸ் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது! தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு வேறு சிக்கல். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும். அவன் வந்து இறங்குவதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் பாதி ஓடிவிட்டது. வருகைப் பதிவு போதாது என்று அபராதம் கட்டினான்.

இப்படிப் பயமுறுத்தினால் யார் போவார்கள் என்கிறார் நண்பர் ஒருவர். வசதி உள்ளவர்கள் எப்படியும் போவார்கள். மண்டபத்தில் பாசி எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தொகை தெரிந்தால்தான், நகையா கடனா, இந்த வருடமா அடுத்த வருடமா என்று வீட்டில் பேச்சையே எடுக்க முடியும். திரும்பப் போவாயா என்று தங்கச்சிமடத்துப் பெண்ணிடம் கேட்டேன். “நாளைக்கேண்ணே” என்றாள். இத்தனையும் சொன்ன பிறகு அவள் அப்படிச் சொன்னதால்தான் நான் நம்புகிறேன்.

தொண்டி முதல் சாயல்குடி வரை நம் கரையிலிருந்து போய் வந்த பிள்ளைகள் கீழே எழுதுங்கள். எந்த ஊர், அறை வாடகை எவ்வளவு, உதவித்தொகை எந்த மாதம் வந்தது, கிரெடிட்டை ஏற்றார்களா இல்லையா. பனிப் படம் இருந்தால் அதையும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.