தறியை எடைக்குப் போடுவதுபோல விமானத்தையும் போடலாமா?

2025 செப்டம்பர் 26-ல் மிக்-21 போர் விமானங்களுக்குச் சண்டிகரில் விடை கொடுத்தார்கள். அதிலிருந்து எங்கள் கோவைப் பக்கம் பலருக்கும் ஒரே ஆசை, ஒன்றை வாங்கிக் கல்லூரி வாசலில் நிறுத்திவிட வேண்டுமாம். நிறுத்தட்டும், பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஓய்வு பெற்ற ராணுவ விமானம் என்றாலே ஒன்று காட்சிப்பொருள், இல்லையேல் பழைய இரும்பு என்று முடிவுகட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கூலி கட்டுபடியாகவில்லை என்று ஒருவர் இருக்கிற தறிகளையெல்லாம் லாரியில் ஏற்றி எடைக்குப் போடுகிறார். அதே ரகத் தறியை இன்னும் ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர், ஒரு பல்சக்கரத்துக்காக அந்தக் கடையிலேயே குவியலைக் கிளறிக்கொண்டிருக்கிறார்.

பிரிட்டன் செய்ததும் இதுதான். 2010-ல் பாதுகாப்புச் செலவைக் குறைக்கிறோம் என்று ஹாரியர் போர் விமானங்களை மொத்தமாக ஓரங்கட்டியது. மறு ஆண்டே அமெரிக்கா 72 ஹாரியர்களை வாங்கிக்கொண்டது. தன்னிடம் பறந்துகொண்டிருந்த ஹாரியர்களுக்கு உதிரிபாகம் வேண்டுமே!

அமெரிக்கர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஓய்வு கொடுத்த விமானங்களை அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரருகே நிறுத்தி வைக்கிறார்கள். அங்கே காற்றில் ஈரம் இல்லை, துரு ஏறாது. மண்ணும் இறுகிக் கிடப்பதால் தளம் போடாமலே விமானத்தை நிறுத்தலாம். இடுக்குகளை அடைத்து, வெயில் தாக்காதபடி வெள்ளைப் பூச்சு பூசிவிடுகிறார்கள். 2008-ல் அங்கே போன ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் 2015-ல் திரும்பவும் பறந்தது. (எஃப்-14 போர் விமானங்களை மட்டும் துண்டுதுண்டாக நொறுக்கினார்கள். பாகங்கள், அதே ரகத்தை வைத்திருந்த ஈரானுக்குப் போய்விடும் என்ற பயம்.)

நாம் என்ன, தெரியாதவர்களா? பிரான்ஸ் கழித்துவிட்ட ஜாகுவார் போர் விமானங்களை உதிரிகளுக்காக வாங்கி வந்தவர்கள்தானே! அடுத்தவர் கழித்ததைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் நாம், நம்முடையதை அலட்சியமாகப் பார்க்கக் கூடாது. சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானத்தைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அங்கிருக்கும் ஏஎன்-32 சரக்கு விமானங்கள் 1980-களில் விமானப்படையில் சேர்ந்த உக்ரைன் ரகம். போர் நடக்கும் நாட்டிலிருந்து உதிரி வாங்குவது லேசா?

அவற்றுக்கு மாற்று வரும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் கழித்துவிடக் கூடாது. முதலில் இறங்குபவற்றைப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் எத்தனை மணி நேரம் பறந்தது என்ற பதிவேட்டோடு எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் எந்தப் பொறியாளரும் அதை இன்னொரு விமானத்தில் பொருத்தத் துணியமாட்டார். இதற்கு ஆகும் செலவு கொட்டகையும், கணக்கெழுதச் சில ஆட்களும்தான். நிதி நெருக்கடி என்று முதலில் அந்த ஆட்களைக் குறைத்துவிடாமல் இருந்தால் சரி.