பாசிமணி போட்டால் உங்களுக்கு என்ன?

"ஏனுங்க்கா, தாயும் மகளும் பாசிமணி விக்கறவங்க மாதிரி வந்துட்டீங்க, தங்கமெல்லாம் எங்க?" எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதே கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதெல்லாம் போதும். பாசிமணி கோப்பது என்ன கேவலமான வேலையா? கடுகு கடுகாக இருக்கிற மணியை நிறம் பார்த்து ஒவ்வொன்றாகக் கோத்துப் பாருங்கள், கண் பிதுங்கிவிடும்.

அம்மா, சித்தி, நான், மூன்று பேருக்கும் போஹோ உடை, அதாவது பாசிமணி, வெள்ளி நகையோடு போடுகிற நாடோடி பாணி உடை என்றால் உயிர், ஒரே பீரோவிலிருந்துதான் மாற்றி மாற்றிப் போடுகிறோம். அதில் குஜராத்தின் கட்ச் பகுதிக் கண்ணாடி வேலைப் பாவாடை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடிச் சில்லையும் சுற்றி நூலாலேயே சட்டம் கட்டிப் பிடித்துத் தைத்திருப்பார்கள், ஒரு சொட்டுப் பசை கிடையாது. அதைப் பார்த்து "இந்த வயசுல இது எதுக்கு?" என்று அம்மாவிடம் கேட்க எப்படி மனசு வருகிறது?

அப்புறம் வெள்ளி என்றாலே ஒரு இளக்காரம். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு! செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் நெருப்புக்கு முன்னால் குனிந்து பொடிச் சலங்கையைப் பற்றவைக்கிறவர்கள் வேலை வேலையில்லையா? இதே ஆட்கள் ஏற்காடு போனால் மட்டும் கடையில் தொங்குகிற மணிமாலையை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் போட்டால் அழகு, நாங்கள் போட்டால் கோலமா?